தபாலில் பயணித்த வாக்கு: ஒரு விண்ணப்பப் படிவத்தின் வரலாறு

இலங்கையில் தேர்தல் இரவுகளில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் கண்விழித்திருந்த எவருக்கும் 'தபால் மூல வாக்களிப்பு முடிவுகள்' என்ற அறிவிப்பு நன்கு பரிச்சயமானது. முதலில் வெளிவருபவை பெரும்பாலும் அந்த முடிவுகளே. பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றிய எம்மைப் போன்றவர்கள் அந்த முதல் எண்களை வைத்துக்கொண்டே மறுநாள் தலைப்புச் செய்தி எந்தத் திசையில் போகும் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுவோம். ஆனால், எமது நாட்டில் தபால் மூல வாக்கு என்பது அடிப்படையில் அரசாங்க உத்தியோகத்தர்களின் வாக்கே. ஆசிரியர்கள், பொலிஸார், முப்படையினர், தேர்தல் கடமைக்குச் செல்வோர் போன்றோர் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பத்தைத் திணைக்களத் தலைவர் அத்தாட்சிப்படுத்துகிறார். குறித்த தினங்களில் தமது அலுவலகத்துக்கே சென்று அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில் வாக்குச்சீட்டைப் பெற்று, மறைவாக அடையாளமிட்டு, உறையிலிட்டுக் கையளிக்கிறார்கள். பெயரில்தான் தபால் இருக்கிறதே தவிர, நடைமுறையில் அது முன்கூட்டியே நடத்தப்படுகின்ற ஒரு சிறிய வாக்கெடுப்பு எனலாம்.

அமெரிக்காவின் நிலை முற்றிலும் வேறு. அங்கு வாக்குச்சீட்டு வாக்காளரின் வீட்டுத் தபால் பெட்டிக்கு வந்து சேருகின்றது. உணவு மேசையில் வைத்து அதை நிரப்பி, உறையில் கையொப்பமிட்டு, மீண்டும் தபாலில் போட்டுவிடலாம். அத்தாட்சி அலுவலரும் இல்லை, வாக்குச்சாவடி முகவர்களும் இல்லை. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த 2020 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தவர்களில் சுமார் 43 சதவீதமானோர் இவ்வாறு தபால் வாக்குச்சீட்டையே பயன்படுத்தினர். 2024 தேர்தலில் அது சுமார் 30 சதவீதமாக இருந்தது. அந்த நாட்டில் குடியேறிக் குடியுரிமை பெற்ற எமது மக்களில் பலரும் இந்த முறையில் வாக்களிக்கின்றார்கள். 2020 தேர்தலுக்குப் பின்னர் எழுந்த பெரும் சர்ச்சை இந்த முறையைச் சுற்றியே எழுந்தது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு வாக்காளரை அரசு எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே தபால் வாக்கின் மையக் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கூறிய பதில்கள்தான் இன்றைய விண்ணப்பப் படிவத்திலும் திரும்பும் உறையிலும் பதிந்திருக்கின்றன. பெயர், பதிவு முகவரி, பிறந்த திகதி, அடையாள இலக்கம், கையொப்பம் என்று அந்தப் படிவம் கேட்கின்ற பெரும்பாலான விபரங்களுக்குப் பின்னால் ஒரு சம்பவம் அல்லது ஒரு சண்டை இருக்கிறது.

கதை 1864ஆம் ஆண்டில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் நான்காவது ஆண்டை எட்டியிருந்தது. ஆபிரகாம் லிங்கன் இரண்டாவது பதவிக்காலத்துக்குப் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர், அவரால் படைத் தளபதிப் பதவியிலிருந்து அகற்றப்பட்ட ஜெனரல் ஜோர்ஜ் மெக்கிளெலன். அந்த ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி, தான் தோற்கக்கூடும் என்று லிங்கனே ஒரு குறிப்பில் எழுதி, அதை மடித்துத் தனது அமைச்சர்களிடம் வாசிக்கக் கொடுக்காமலே கையொப்பம் பெற்று வைத்திருந்தார். இலட்சக்கணக்கான வாக்காளர்கள் வீட்டை விட்டு வெகுதூரத்தில் போர்முனையில் நின்றார்கள். சொந்த ஊருக்கு வந்தால்தான் வாக்கு என்ற பழைய விதிப்படி பார்த்தால், நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனவர்களே வாக்கிழந்தவர்களாக இருந்தார்கள்.

இதைச் சீர்செய்வது சுலபமாக இருக்கவில்லை. படையினர் முகாமிலிருந்து வாக்களிப்பதற்கு 1813ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியா சட்டமியற்றியிருந்தது. ஆனால் 1862இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அது மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி இரத்துச் செய்தது. பின்னர் அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. இறுதியில் 1864 தேர்தலில் பங்குகொண்ட 25 மாநிலங்களில் 19 மாநிலங்கள் களத்திலிருந்து வாக்களிப்பதற்கு அனுமதித்தன. தனியாக எண்ணப்பட்ட படையினரின் வாக்குகள் சுமார் ஒன்றரை இலட்சம். அவற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் லிங்கனுக்குக் கிடைத்தது. அனுமதிக்காத மாநிலங்களில் ஒன்று இந்தியானா. அதன் படையினரில் எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரையும் வாக்களிப்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவைக்குமாறு செப்டெம்பர் 19ஆம் திகதி ஜெனரல் ஷேர்மனுக்கு லிங்கன் கடிதம் எழுதினார். அட்லாண்டாவைக் கைப்பற்றி இரண்டு வாரங்களே கழிந்திருந்த ஒரு தளபதியிடம் விடுக்கப்பட்ட வேண்டுகோள் அது.

அன்று இரண்டு முறைகள் கையாளப்பட்டன. சில மாநிலங்கள் முகாமிலேயே வாக்குப் பெட்டியை வைத்தன. நியூயோர்க் போன்ற மாநிலங்கள், படைவீரர் தனது வாக்குச்சீட்டை உறையிலிட்டு, தன் சார்பில் அதைச் செலுத்தும் அதிகாரப் பத்திரத்துடன் சொந்த ஊரில் உள்ள ஒருவருக்குத் தபாலில் அனுப்பும் முறையைப் பின்பற்றின. ஊரில் இருப்பவர் அந்த உறையைத் தேர்தல் அலுவலரிடம் கையளிப்பார். இன்றைய தபால் வாக்கின் நேரடி முன்னோடி இதுதான். அதன் முதல் பெரும் மோசடியும் இங்கேதான் நிகழ்ந்தது. 1864 ஒக்டோபரில், படையினரின் வாக்குகளைச் சேகரிக்க பால்டிமோருக்கு அனுப்பப்பட்டிருந்த நியூயோர்க் முகவர்கள் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள். அதிகாரிகளினதும் படைவீரர்களினதும் பெயர்களில் கையொப்பங்களைப் போலியாக இட்டு மெக்கிளெலனுக்கான வாக்குச்சீட்டுகளைத் தயாரித்தார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. இராணுவ ஆணைக்குழு ஒன்று அவர்களை விசாரித்துத் தண்டித்தது. மறுபுறத்தில், மெக்கிளெலனை ஆதரித்த படைவீரர்கள் மீது அதிகாரிகள் அழுத்தம் பிரயோகித்தார்கள் என்று ஜனநாயகக் கட்சியினரும் முறையிட்டார்கள். கையொப்பம் உண்மையானதா, வாக்காளர் சுதந்திரமாக முடிவெடுத்தாரா என்ற இரண்டு சந்தேகங்களும் அன்று பிறந்தவையே. அவை இன்னமும் தீர்ந்தபாடில்லை.

இன்றைய பொதியில் பல மாநிலங்களில் இரண்டு உறைகள் இருக்கின்றன. வாக்குச்சீட்டை வைப்பதற்கு ஓர் உள்ளுறை. அதில் எந்தப் பெயரும் இராது. அதை வைத்து அனுப்புவதற்கு ஒரு வெளியுறை. அதில் வாக்காளரின் உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். வெளியுறையைச் சரிபார்த்த பின்னர் உள்ளுறைகளைக் கலந்துவிட்டுத் திறப்பார்கள். லிங்கன் காலத்து அமெரிக்காவில் அரசாங்க வாக்குச்சீட்டு என்ற ஒன்றே இருக்கவில்லை. கட்சிகளே சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தன. யாருக்கு வாக்களிக்கிறார் என்பதைப் பார்த்து நிற்பவர்கள் அறிந்துகொள்ள முடிந்தது. 1856இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் அறிமுகமான இரகசிய வாக்குச்சீட்டு முறையை, 1888இல் மசாசூசெற்ஸ் மாநிலம் தழுவிய சட்டமாக்கிய பின்னரே அமெரிக்க மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொண்டன. இரகசியம் என்பது உரிமையாக மாறியதும், வீட்டில் வைத்து அடையாளமிடப்படும் வாக்குக்கு அந்த இரகசியத்தை எப்படி வழங்குவது என்ற சிக்கலுக்கு இரட்டை உறை விடையாயிற்று. அந்த விடை முழுமையானதல்ல. உறை தேர்தல் அலுவலரிடமிருந்து வாக்கை மறைக்கும். பக்கத்தில் நிற்கும் கணவரிடமிருந்தோ, தொழில் தருநரிடமிருந்தோ, கட்சி முகவரிடமிருந்தோ மறைக்காது.

பொதுமக்களைப் பொறுத்தவரை கதவு மெதுவாகவே திறந்தது. 1896இல் வேர்மொன்ற், வாக்காளர் தன் ஊரில் இல்லாவிட்டாலும் மாநிலத்தின் வேறோர் இடத்தில் வாக்களிக்க இடமளித்தது. 1901இல் கன்சாஸ், ரயில் ஊழியர்களுக்காக அதுபோன்ற சட்டத்தை இயற்றியது. முதலாம் உலகப் போரின் முடிவுக்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோவொரு வகையான வராதோர் வாக்குச் சட்டம் இருந்தது. ஆனால் விண்ணப்பதாரர் காரணம் கூற வேண்டும். நோயாளியாயின் மருத்துவச் சான்று, பயணமாயின் சத்தியக் கடதாசி என்று பல நிபந்தனைகள். 'என்ன காரணத்தால் நேரில் வர முடியாது?' என்ற கேள்வி அந்தக் காலத்தின் மனப்பான்மையை எடுத்துக்காட்டுவது. நேரில் வருவதே கடமை, வராதிருப்பது சலுகை என்பதே அதன் பொருள்.

இரண்டாம் உலகப் போர் இந்தப் படிவத்துக்குள் நிறவெறியையும் கொண்டுவந்து சேர்த்தது. 1942 செப்டெம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய படையினர் வாக்களிப்புச் சட்டம், போர்க்காலத்தில் சேவையிலிருப்போர் முன்கூட்டியே பதிவுசெய்யாமலும் வாக்கு வரி செலுத்தாமலும் வாக்களிக்கலாம் என்றது. தென் மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களையும் ஏழை வெள்ளையர்களையும் வாக்கிலிருந்து விலக்கி வைத்திருந்த கருவிகளில் முக்கியமானது அந்த வரி. சட்டம் வந்தபோது தேர்தலுக்கு ஏழு வாரங்களே எஞ்சியிருந்தன. அதன் கீழ் பதிவான வாக்குகள் சுமார் 28 ஆயிரம் மட்டுமே. 1944இல் ரூஸ்வெல்ற் அனைத்துப் படையினருக்கும் பொதுவான மத்திய வாக்குச்சீட்டு ஒன்றைக் கோரினார். மிசிசிப்பியைச் சேர்ந்த ஜோன் ராங்கின் போன்ற அவரது சொந்தக் கட்சியின் தென் மாநில உறுப்பினர்களே 'மாநில உரிமை' என்ற பெயரில் எதிர்த்தார்கள். சீருடை அணிந்த கறுப்பின வீரர் ஒருவர் கடல்கடந்து நின்று அளிக்கும் வாக்கைத் தங்கள் ஊர் அலுவலர் தடுக்க முடியாமல் போய்விடும் என்பதே உண்மையான அச்சம். இறுதியில் வந்த சட்டத்தின்படி, மாநில வாக்குச்சீட்டுக்கு விண்ணப்பித்தும் ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் கிடைக்கப் பெறாதவரே மத்திய வாக்குச்சீட்டைப் பயன்படுத்தலாம். அதுவும் அவரது மாநில ஆளுநர் ஒப்புதல் அளித்திருந்தால் மட்டுமே. ரூஸ்வெல்ற் கையொப்பமிடாமலே அது சட்டமாக அனுமதித்தார். ஆயினும் 25 இலட்சத்துக்கும் அதிகமான படையினர் மாநில வாக்குச்சீட்டுகள் மூலம் அந்தத் தேர்தலில் பங்குகொண்டார்கள்.

விண்ணப்பமும் வாக்குச்சீட்டும் உரிய நேரத்தில் கடல்கடந்து போய்வர வேண்டும் என்ற பாடம் அன்று கற்கப்பட்டது. 1955இன் மத்திய வாக்களிப்பு உதவிச் சட்டமும், வெளிநாடுகளில் வாழும் சாதாரண குடிமக்களுக்கு உரிமை வழங்கிய 1975இன் சட்டமும், இரண்டையும் ஒன்றிணைத்த 1986இன் சட்டமும் அந்தப் பாடத்தின் விளைவுகள். இன்று அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின்னர் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்பி வாழும் தமிழர் ஒருவர், தான் கடைசியாக வசித்த அமெரிக்க முகவரியின் அடிப்படையில், மத்திய அஞ்சலட்டை விண்ணப்பம் எனப்படும் ஒரே படிவத்தில் பதிவையும் வாக்குச்சீட்டுக் கோரிக்கையையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். அதை ஆண்டுதோறும் புதிதாக அனுப்புவதே பாதுகாப்பானது. 2009இன் சட்டத்தின்படி, காலத்தோடு விண்ணப்பித்தவர்களுக்கு மத்திய தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்னரே வாக்குச்சீட்டை அனுப்பிவிட வேண்டும். அப்படியும் வந்து சேராவிட்டால் தானே வேட்பாளரின் பெயரை எழுதி அனுப்பும் மாற்று வாக்குச்சீட்டும் உண்டு.

உள்நாட்டில் 'காரணம் என்ன?' என்ற கேள்வியை முதலில் கைவிட்ட பெரிய மாநிலம் கலிபோர்னியா. 1978இல் விரும்பியவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஒரேகன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1981இல் உள்ளூர்த் தேர்தல்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1996 ஜனவரியில் செனட் இடைத்தேர்தல் ஒன்றை முழுமையாகத் தபாலில் நடத்தியது. ரொன் வைடன் வெற்றி பெற்ற தேர்தல் அது. 1998 நவம்பரில் மக்களே வாக்கெடுப்பு மூலம் அந்த முறையை நிரந்தரமாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் ஜனாதிபதித் தேர்தலை முற்றாகத் தபால் வழியே நடத்திய முதல் மாநிலமும் அதுவே. வோஷிங்டன் 2011இலும் கொலராடோ 2013இலும் அந்த வழியைப் பின்பற்றின. இந்த மாநிலங்களில் விண்ணப்பமே தேவையில்லை. பதிவுசெய்த அனைவருக்கும் வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். அங்கு உறையிலுள்ள கையொப்பத்தைப் பதிவேட்டிலுள்ள கையொப்பத்துடன் ஒப்பிடுவதே பிரதான காவல்.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் மோசடியே நடப்பதில்லை என்று சொல்வதும், எதிர்ப்பவர்கள் மோசடியைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்று சொல்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாதவை. 1997இல் மயாமி மாநகர மேயர் தேர்தலில் தபால் வாக்குகளில் பரவலான மோசடி நடந்தது நிரூபணமாகி, 1998இல் நீதிமன்றம் அந்த வாக்குகள் அனைத்தையும் நீக்கி ஜோ கரோலோவைப் பதவியில் அமர்த்தியது. நேர்மையாக வாக்களித்தவர்களின் வாக்குகளும் சேர்ந்தே வீணாயின. 2018இல் வட கரோலினாவின் 9ஆவது தொகுதியில் 905 வாக்குகளால் முன்னணியில் இருந்த குடியரசுக் கட்சி வேட்பாளருக்காகப் பணியாற்றியவர்கள், வீடு வீடாகச் சென்று உறைகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தது அம்பலமானது. 2019 பெப்ரவரியில் மறுதேர்தலுக்கு உத்தரவிடப்பட்டது. இரண்டு சம்பவங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டுப்பாடு தவறியது, உறை வாக்காளரின் கையை விட்டு வேறொருவரின் கைக்குப் போன இடத்தில்தான். இவை பிடிபட்டதற்கும் காரணம் உண்டு. விண்ணப்பம், உறை, கையொப்பம், சாட்சி என்று கடதாசித் தடயம் எஞ்சியிருந்தது.

வெறும் 537 வாக்குகள் ஜனாதிபதியைத் தீர்மானித்த 2000ஆம் ஆண்டின் புளோரிடாவில் விண்ணப்பப் படிவமே வழக்காயிற்று. செமினோல் மாவட்டத்தில் அடையாள இலக்கம் விடுபட்டிருந்த விண்ணப்பங்களில் கட்சி ஊழியர்கள் பின்னர் அதை எழுதிச் சேர்க்க அனுமதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 15 ஆயிரம் தபால் வாக்குகளையும் செல்லுபடியற்றதாக்குமாறு கோரிய மனுவை நீதிமன்றங்கள் நிராகரித்தன. அலுவலகத்தில் நடந்த முறைகேட்டுக்காக வாக்காளரைத் தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே தேர்தலில், தபால் முத்திரை இல்லாமல் வந்த வெளிநாட்டுப் படையினரின் உறைகளை ஏற்பதா என்றும் இரு கட்சிகளும் மோதிக்கொண்டன.

2020இல் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா 2019இல்தான் காரணமின்றி விண்ணப்பிக்கும் உரிமையை வழங்கியிருந்தது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. உள்ளுறையின்றி வரும் வாக்குச்சீட்டு எண்ணப்படமாட்டாது என்று 2020 செப்டெம்பரில் அதன் உச்ச நீதிமன்றம் கூறியது. 'நிர்வாண வாக்குச்சீட்டு' என்ற விசித்திரமான பெயர் அப்போதுதான் பிரபலமாயிற்று. தேர்தல் நாள் காலைக்கு முன்னர் உறைகளைப் பிரிக்க மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை. எனவே நேரில் அளித்த வாக்குகள் முதலில் எண்ணப்பட்டு ட்ரம்ப் முன்னணியில் இருப்பதாகத் தோன்றியது. பின்னர் தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ண முன்னணி மாறி, சுமார் 80 ஆயிரம் வாக்குகளால் பைடன் வெற்றி பெற்றார். எண்ணும் ஒழுங்கினால் ஏற்பட்ட தோற்றத்தைத் திருட்டு என்று நம்பியவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். நீதிமன்றங்களில் அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதன் எதிரொலி சட்டமன்றங்களில் கேட்டது. தேர்தல் நாளுக்குப் பின்னர் வந்துசேரும் உறைகளுக்கு வழங்கப்பட்டிருந்த சலுகை நாட்களை நீக்க 2025இல் கன்சாஸ், யூட்டா, வட டகோட்டா ஆகியவை சட்டமியற்றின.

எமது மக்கள் பெருமளவில் வாழும் பிரித்தானியாவின் அனுபவமும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. அங்கு 2001 முதல் காரணம் கூறாமலே தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். 2004இல் பேர்மிங்காம் மாநகர சபைத் தேர்தலில் இரண்டு வட்டாரங்களில் நடந்த தபால் வாக்கு மோசடியை அடுத்து, 2005இல் தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவுகளை இரத்துச் செய்தது. அதன் பின்னரே கையொப்பமும் பிறந்த திகதியும் விண்ணப்பத்திலும் திரும்பும் படிவத்திலும் ஒப்பிடப்படும் நடைமுறை வந்தது. பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், சட்டபூர்வமாக அங்கு வசிக்கும் இலங்கைப் பிரஜைகளும் அந்த வாக்குக்கு உரித்துடையவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே எம்மைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 டிசெம்பர் 5 பாராளுமன்றத் தேர்தல் தினத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்ந்த வன்னி, மட்டக்களப்பு மக்கள் அரச கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்த வாக்குச்சாவடிகளுக்கு வருவதற்கான பாதைகள் படையினரால் மூடப்பட்டன. வாக்காளர் அட்டை கையிலிருந்தும் வாக்களிக்க முடியாமல் பல்லாயிரக்கணக்கானோர் நின்றார்கள். ஒரு சோதனைச்சாவடி ஒரு தேர்தல் மாவட்டத்தின் குரலை அடைத்துவிட முடியும் என்பதை அன்று கண்டோம். வாக்காளர் சாவடிக்கு வர முடியாதபோது சாவடி வாக்காளரிடம் போக வழி இருக்க வேண்டும் என்ற கேள்வி 1864இல் அமெரிக்கப் படைவீரருக்கு மட்டும் உரியதல்ல. 2024இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும்கூட, மத்திய கிழக்கில் உழைத்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்பும் இலங்கையர் எவரும் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. அவர்களது பணம் கடல்கடந்து வருகிறது, வாக்கு வருவதில்லை. அமெரிக்க அனுபவத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்பதல்ல எனது வாதம். வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பவரின் கடவுச்சீட்டையே தொழில் தருநர் பறித்துவைத்துக்கொள்ளும் நாடுகளில், அவரது வாக்குச்சீட்டு உறை யாருடைய கையில் இருக்கும் என்ற கேள்விக்கு முதலில் பதில் காண வேண்டும். மயாமியும் பேர்மிங்காமும் எமக்குச் சொல்லும் எச்சரிக்கை அதுதான்.

தபால் வாக்கைப் பயன்படுத்தும் நண்பர்களுக்கு இந்த வரலாறு தரும் அறிவுரைகள் எளியவை. காலக்கெடு வரை காத்திராமல் விண்ணப்பியுங்கள். பதிவேட்டில் உள்ளபடியே பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எமது பெயர்கள் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் எழுதப்படுவதால் இதில் விசேட கவனம் தேவை. உள்ளுறை இருந்தால் வாக்குச்சீட்டை அதற்குள்ளேயே வையுங்கள். வெளியுறையில், பதிவின்போது இட்ட அதே கையொப்பத்தை இடுங்கள். திகதியும் சாட்சியும் கேட்கப்பட்டால் விட்டுவிடாதீர்கள். 2020இல் அமெரிக்காவில் திரும்பிவந்த தபால் வாக்குகளில் நிராகரிக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. கையொப்பம் பொருந்தாமை, கையொப்பம் இன்மை, தாமதம் ஆகியவையே பிரதான காரணங்கள். பெரும்பாலான மாநிலங்களில் உறை தேர்தல் நாளன்று வாக்களிப்பு முடிவதற்குள் அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும். அன்று தபாலில் சேர்த்தால் போதாது. நாட்கள் குறைவாக இருந்தால் தேர்தல் அலுவலகத்திலோ அதிகாரபூர்வப் பெட்டியிலோ நேரில் சேர்த்துவிடுவதே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், சங்கத்துக்காரரோ கட்சிக்காரரோ வந்து கேட்டால் மூடாத உறையைக் கொடுக்காதீர்கள். அந்த உறையை நீங்களே மூடி, நீங்களே அனுப்புவதற்கான உரிமைக்காகவே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டங்கள் எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வருகின்றன.